எதிரே வந்த வண்டி

செஞ்சியைச் சுற்றி இருபது மைலுக்குள் எந்த ஊருக்கு எந்த வழியாகப் போவது என்று கேட்டால் கன்னியப்பன் யோசிக்கவே மாட்டான். கனகராஜ் செட்டியாருடைய மல்லாட்டை மண்டியில் பதினோரு வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. மண்டி சைக்கிளில் ஊர் ஊராகப் போய், யார் களத்தில் எத்தனை மூட்டை வேர்க்கடலை இருக்கிறது, காய் திடமா சொத்தையா என்று பார்த்து, ஆளுக்கு ஒரு பிடி மாதிரி வாங்கித் துணியில் முடிந்துகொண்டு வருவான். எந்த மேட்டில் சங்கிலி கழலும், எந்த ஓடையில் சைக்கிளைத் தோளில் தூக்கவேண்டும், எந்த வளைவில் கருவேல முள் கிடக்கும், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். "நம்ம கன்னியப்பன் காலுக்குத் தெரியாத ரோடு இந்த ஜில்லாவுலயே கெடையாது" என்று செட்டியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார். கூலி உயர்த்திக் கேட்கும்போது மட்டும் அந்தப் பெருமை அவருக்கு மறந்துபோகும்.

அவன் கணக்கில் ரோடு இரண்டு தினுசு. மிதித்துப் போகிற ரோடு, தள்ளிக்கொண்டு போகிற ரோடு. ஆற்று மணலும் கணவாய் ஏற்றமும் தள்ளுகிற ரோடு என்பது யாருக்கும் புரியும். ஆனால் கப்பி போட்டு மெழுகிவிட்டாற்போல் இருக்கிற சில தெருக்களும் அவன் கணக்கில் தள்ளுகிற ரோடுதான். அவை ஊர்த் தெருக்கள். சேரி ஆள் அங்கே சைக்கிள் மேல் உட்கார்ந்து போகக்கூடாது. சுதந்திரம் வந்து பதினேழு வருஷம் ஆகியிருந்தது. இப்படியெல்லாம் செய்யக்கூடாது என்று சட்டமும் வந்திருந்தது. சட்டம் மதராஸில் இருந்தது, தெரு இங்கே இருந்தது, இரண்டுக்கும் நடுவில் நூறு மைல்.

கன்னியப்பனுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அவன் பெரியப்பா மகன் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு பாறைக்கொல்லைத் தெருவுக்குள் மணியடித்தபடி போனான். சைக்கிளைக் கிணற்றில் போட்டார்கள். அவனைப் புளியமரத்தில் கட்டிவைத்துப் பொழுது சாய்ந்த பிறகு அவிழ்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் சேரியில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊர் எல்லை வந்தால் கன்னியப்பனின் கால் தானாக இறங்கும். வழியில் ஊர்க்காரர் வண்டி எதிரே வந்தாலும் இறங்கி, ஓரம் கட்டி நின்று, வண்டி தாண்டிய பிறகுதான் ஏறுவான். எதற்கு இறங்கினோம் என்று அவன் நினைத்துப் பார்ப்பதே கிடையாது. தும்மல் வந்தால் தும்முகிறோம், அந்த மாதிரி.

அந்த ஆனி மாதத்து வியாழக்கிழமை அவன் மல்லாட்டைக்காகக் கிளம்பவில்லை. மகள் மங்கைக்காகக் கிளம்பினான்.

மங்கை எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். அவர்கள் குடியிருந்த வேடந்தேரி சேரியில் ஆணிலும் சரி பெண்ணிலும் சரி, தேறிய முதல் ஆள் அவள்தான். டீச்சர் டிரெயினிங்கில் சேரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் தாய் விருத்தாம்பாளுக்கோ தன் அண்ணன் மகனுக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். அண்ணன்காரர் திண்டிவனத்துப் பக்கம் செங்கல் சூளையில் மேஸ்திரி. "படிப்பு கெடைச்சா படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல. கெடைக்கலன்னா ஆவணியில தாலி கட்டிடணும். அதுக்கு மேல என் பையன் காத்துக்கினு இருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டார். கன்னியப்பனும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்திருந்தான். ஆக, இந்த வியாழக்கிழமை தப்பினால் ஆவணி. மங்கைக்கும் அது தெரியும்.

ஆள் எடுப்பதற்குக் கடலூரிலிருந்து இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் ஒருவர் அன்றைக்குச் செஞ்சிக்கு வந்து பங்களாவில் கேம்ப் போட்டிருந்தார். பெண்களை நேரில் பார்த்து, காகிதங்களைச் சரிபார்த்து, அங்கேயே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, லிஸ்டைக் கவரில் வைத்து அரக்கு முத்திரை வைத்துவிடுவார். ஐந்து மணிக்கு ஜீப் கிளம்பிவிடும். மங்கையின் வாத்தியார் ராமகிருஷ்ணன் எல்லாக் காகிதத்தையும் தயார் பண்ணிவிட்டார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இந்தப் பெண்ணின் தகப்பன் இன்ன சாதி, இன்ன கிராமத்தில் குடியிருப்பவன், எனக்குத் தெரியும் என்று கிராம மணியக்காரர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தரவேண்டும். அது இருந்தால்தான் அந்தச் சாதிக்கென்று ஒதுக்கிய இடத்தில் அவளைச் சேர்ப்பார்கள்.

கன்னியப்பன் என்ன சாதி என்று தெரியாத தெரு அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒன்றுகூடக் கிடையாது. எந்தத் தெருவும் ஒரு நாளாவது அவனை இறக்கிவிடத் தவறியதும் இல்லை. ஆனால் தெருவிடம் ரப்பர் முத்திரை இல்லை. அது மணியக்காரர் கோதண்டராமனிடம் இருந்தது.

கோதண்டராமன் கெட்ட மனுஷர் அல்ல. செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டபோது, "உம் பொண்ணா? பேஷ்! வியாழக்கெழம காலம்பற வாடா, போட்டுத் தரேன்" என்று முகம் மலரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மறந்துவிட்டார். பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் ஜோலி. வியாழக்கிழமை காலை கன்னியப்பன் அவர் வீட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றபோது, விடியற்காலையிலேயே அவர் தொண்டூருக்குத் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார் என்று வேலைக்காரி அம்மாக்கண்ணு சொன்னாள்.

"எப்ப வருவாரு?"

"ராவிக்குத்தான். ஏன், அவசரமா?"

அவசரமா என்றால்? கன்னியப்பன் சைக்கிளைத் திருப்பினான். சட்டைப் பைக்குள் அந்தக் காகிதம் இருந்தது. வேர்வை படாமல் இருக்க மங்கை அதைத் தன் பழைய நோட்டு அட்டைக்குள் வைத்துக் கொடுத்திருந்தாள். அவளை வாத்தியார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். "பத்தரைக்கெல்லாம் வந்துடுவேன்மா" என்று வேறு சொல்லியிருந்தான்.

வேடந்தேரியிலிருந்து தொண்டூர் எட்டு மைல். பாதி தூரம் மிதிக்கலாம். மீதி ஏரிக்கரை, சரளை, ஒரு கணவாய். பாறைகளை அள்ளிக் கொட்டினாற்போல் இருபுறமும் குன்று. வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தான். அந்தக் கணவாயை அவன் ஒரு நாளும் ஏறி மிதித்ததில்லை. அன்றைக்குப் பாதி மேடு மிதித்தே ஏறினான். தொடை இரண்டும் திகுதிகுவென்று எரிந்தது.

காதுகுத்து வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்திச் சத்தம் கேட்டது. கன்னியப்பன் தெருக்கோடி வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றான். கூப்பிட்டுக் கேட்கிற வழக்கம் இல்லை. யாராவது அந்தப் பக்கம் வந்தால் கேட்கலாம். ஒரு பந்தி முடிந்து இன்னொரு பந்தி உட்கார்ந்தது. எச்சில் இலை போட வந்த ஒரு பெண்ணிடம் கும்பிட்டுக் கேட்டான். அவள் உள்ளே போனாள், போனவள் போனவள்தான். வெகுநேரம் கழித்து மணியக்காரரின் தங்கை செல்லம்மாளே வெளியே வந்தாள்.

"அண்ணனா? அப்பவே கெளம்பிட்டாரே. பாறைக்கொல்லையில ஒரு ஜோடி மாடு வெலைக்கி வருதுன்னு பாக்கப் போயிட்டாரு. நீ எந்நேரமா நிக்கற?"

"இப்பத்தாம்மா வந்தேன்" என்றான் கன்னியப்பன். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பாறைக்கொல்லைக்கு இரண்டு வழி. ஒன்று நல்ல ரோடு, ஆனால் நடுவில் இரண்டு ஊர், இரண்டு தெரு, இரண்டு முறை இறங்கித் தள்ளவேண்டும். இன்னொன்று குன்றின் அடிவாரமாகப் போய் ஆற்றைக் கடக்கிற வண்டிப்பாட்டை. அதில் ஊர் கிடையாது, தெரு கிடையாது, மணல்தான். மணல் யாரையும் சாதி கேட்காது என்று அவன் ஆற்று வழியைப் பிடித்தான். உச்சி வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையில் விருத்தாம்பாள் கொடுத்த கூழ் எங்கே போனதென்றே தெரியவில்லை. மனசு மட்டும் முன்னால் ஓடிப் பாறைக்கொல்லையில் நின்றது. மணியக்காரர் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் போய்க் கும்பிட்டு நிற்போம். இன்னாடா என்பார். எப்படிச் சொன்னால் கோபம் வராமல் போடுவார் என்று வார்த்தைகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே மிதித்தான்.

ஆற்றங்கரை மேடு ஏறும்போது எதிரே சதங்கைச் சத்தம் கேட்டது. வில்வண்டி.

கால் இறங்கிவிட்டது. சைக்கிளைக் கருவேலம் புதர் ஓரமாக ஒதுக்கினான். தலையில் கட்டியிருந்த துண்டு கைக்கு வந்து, கையிலிருந்து அக்குளுக்குப் போயிற்று. தலை குனிந்தது. காளைகளின் எட்டுக் கால்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. சிவப்பு வர்ணம் அடித்த சக்கரம் போனது. உள்ளே யாரோ செருமினார்கள். வண்டியின் நிழல் அவன் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. சதங்கைச் சத்தம் வளைவு திரும்பிக் குறைந்ததும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறி மிதித்தான். போகிற அவசரத்தில் இது வேறு என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அவன் இன்னமும் மணியக்காரரிடம் சொல்லவேண்டிய வார்த்தையைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

ஆறு அகலமான ஆறு. மழைக்காலத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெறும் மணல். சைக்கிள் சக்கரம் முக்கால் அடி புதைந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். மண்டி சைக்கிள், பின்னால் மூட்டை வைக்கிற இரும்புக் கேரியர் வேறு, கனம் கொஞ்சநஞ்சமல்ல. பாதத்தில் கொப்புளம் கிளம்பியது. அக்கரை ஏறியதும் மறுபடியும் மிதித்து, பாறைக்கொல்லை எல்லையில் இறங்கி, தள்ளிக்கொண்டு போய் மாட்டுக்காரர் வீட்டுக் களத்தடியில் நின்றான். அங்கே வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்த பண்ணையாள் கோவிந்தசாமி அவனுக்குத் தெரிந்தவன்.

"வேடந்தேரி மணியக்காரரா? மாடு புடிக்கலன்னு கெளம்பிட்டாரே! ஒரு மணி நேரம் இருக்கும். நீ எப்பிடி வந்த, ஆத்து வழியாவா?"

"ஆமா."

"அப்ப எதுருலயே வந்திருப்பாரே! வில்வண்டி, செவப்புச் சக்கரம். பாக்கல?"

கன்னியப்பன் சைக்கிளை வைக்கோல் போரில் சாய்த்தான். செவப்புச் சக்கரம். பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான், அச்சாணியைப் பார்த்தான், இரும்புப் பட்டாவில் ஒட்டியிருந்த சாணியைப் பார்த்தான். காளைகளின் குளம்பில் எந்தக் குளம்பு லாடம் தேய்ந்தது என்று கேட்டால்கூடச் சொல்லியிருப்பான். காலையிலிருந்து யாரைத் தேடி வந்தானோ அவர் கைக்கெட்டும் தூரத்தில் போயிருக்கிறார். செருமக்கூடச் செருமினார். அந்தச் செருமல் அவனுக்கு நன்றாகத் தெரிந்த செருமல்தானே! வாரம் இரண்டு தரம் கேட்கிறதுதானே! களத்துக் கல்லில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். கோவிந்தசாமி பயந்துபோய் ஒரு குடுவைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாதி தொண்டைக்குள் போனது, பாதி மார்பில் போனது.

"எந்தப் பக்கம் போறாருன்னு சொன்னாரா?"

"கல்லடிக்குப்பத்துல பம்புசெட்டு ஒண்ணு பாத்துட்டு ஊட்டுக்குப் போறேன்னாரு."

மறுபடியும் அதே மணல். அதே கனம். கரைமேட்டில் ஏறி அதே கருவேலம் புதரைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புளியந்தோப்புக் கிளைப் பாதையில் இரும்புப் பட்டாவின் தடம் புதிதாக இடப்பக்கம் திரும்பியிருந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டு மிதித்தான். அவனிடம் கடிகாரம் இல்லை. நிழல் அவன் இடத்தோளிலிருந்து நழுவி நீண்டுகொண்டே போவதுதான் தெரிந்தது. எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த கிழவனிடம் "மணி இன்னா தாத்தா?" என்று கத்தினான். கிழவன் சூரியனைப் பார்த்து, தலையைச் சொறிந்து, பதில் சொல்வதற்குள் அவன் ரொம்ப தூரம் போய்விட்டான்.

கல்லடிக்குப்பத்துத் தென்னந்தோப்பில் வண்டி நின்றது. மணியக்காரர் திண்டின் மேல் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கன்னியப்பன் இருபது அடி தள்ளிச் சைக்கிளைப் போட்டுவிட்டு, கும்பிட்ட கையோடு நின்றான். மூச்சு வாங்கியதில் சாமி என்கிற வார்த்தைகூட முழுசாக வரவில்லை.

"யாரு, கன்னியப்பனா? இன்னாடா இப்பிடி எறைக்குது உனக்கு? அடடே, உம் பொண்ணு காயிதம்! இன்னிக்கின்னு சொன்னேன் இல்ல? சுத்தமா மறந்துபூட்டன். குடு, குடு."

காகிதத்தை வாங்கி முழுக்கப் படித்தார். மங்கை என்ற பெயரை வாய்விட்டுப் படித்து, நல்ல பெயர் என்றார். காலடியிலிருந்த தகரப்பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மைப்பெட்டியில் முத்திரையை அமுக்கி எடுத்து, காகிதத்தில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தத் தகரப்பெட்டி காலையிலிருந்து அவரோடு வண்டியிலேயே இருந்திருக்கிறது.

மை காயக் காகிதத்தை ஊதிக்கொண்டே அவர் கேட்டார்: "ஆமா, மத்தியானம் ஆத்தங்கரை மேட்டுல நீதான நின்ன?"

"ஆமாங்க சாமி."

"பாத்தேன். மண்டி வேலையா எங்கியோ போறன்னு நெனச்சிக்கினேன். என்னைத் தேடிக்கினுதான் வந்தன்னா ஒரு கொரல் குடுக்கறதுதானடா?"

"பாக்கலைங்க சாமி."

"பாக்கலையா? என் வண்டிய உனக்குத் தெரியாது?"

கன்னியப்பன் தரையைப் பார்த்தான். மணியக்காரருக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஐம்பது வருஷமாகத் தன் வண்டிக்கு முன்னால் குனிந்த தலைகளை அவர் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறார். குனிந்த தலைக்கு எதிரே வருகிறவன் முகம் தெரியாது என்பது மட்டும் ஒரு நாளும் அவர் புத்திக்கு எட்டியதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி நாலேகால். அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்னு சொன்ன இல்ல? ஓடு, ஓடு, வெரசா ஓடு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் கன்னியப்பனுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால், போடமாட்டேன் என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால், சாபம் விடுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

கல்லடிக்குப்பத்திலிருந்து செஞ்சி ஒன்பது மைல். முக்கால் மணி நேரம். அந்த ரோட்டில் ஒன்றேகால் மணிக்குக் குறைந்து அவன் ஒருநாளும் போனதில்லை. அது அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? இந்த ஏற்றத்தில் எத்தனை நிமிஷம், அந்த ஓடையில் எத்தனை நிமிஷம், ஊர்த் தெரு தள்ளுவதில் எத்தனை நிமிஷம் என்று மனசு தன்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே வந்தது. எப்படிக் கூட்டினாலும் ஐந்தைத் தாண்டியது. போதும் நிறுத்து என்று வாய்விட்டுச் சொன்னான். மனசு கேட்கவில்லை.

முதல் ஊர் வந்தது. எல்லைக் கல் வந்தது. கால் இறங்கப் பார்த்தது. கன்னியப்பன் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவுக்குள் மிதித்தான். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. இப்போது கல் வரும், இப்போது கை வரும் என்று முதுகு கூசியது. ஒரு கோழி குறுக்கே பறந்தது. குத்தவைத்துப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் புளியைப் பார்த்தாள். தெருக்கோடியில் ஒருவன் பின்னாலிருந்து என்னவோ கத்தினான். இறங்குடா என்றானா, எந்த ஊருப்பா என்றானா, அது கன்னியப்பனுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. தெரு முடிந்துவிட்டது. அவன் இன்னும் சைக்கிள் மேல்தான் இருந்தான்.

அதற்காகச் சந்தோஷப்படுவதற்கு அவனுக்கு நேரமில்லை. கணவாய் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினான். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டான். விழுந்தால் விழட்டும் என்று விட்டான். சிங்கவரம் தாண்டியதும் கோட்டை மலை கண்ணுக்கு எதிரே வந்து நின்றது. வெயில் மஞ்சளாகப் பாறை மேல் சாய்ந்திருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே மணி என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மிதித்தான்.

பங்களா வாசலில் ஜீப் இல்லை. டயர் தடமும் சிந்தியிருந்த எண்ணெயும்தான் இருந்தன. மங்கை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ராமகிருஷ்ணன் வாத்தியார் கேட் அருகே நின்றிருந்தவர், அவனைக் கண்டதும் இரண்டு எட்டு முன்னால் வந்து, அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

"அஞ்சேகால் வரைக்கும் நிறுத்தி வெச்சேன் கன்னியப்பா. அந்த அம்மா ரொம்ப நல்லவங்க. பொண்ணு நல்லா பதில் சொல்லுது, காயிதம் வந்தா இவளுக்குத்தான்னு, ரெண்டாவது காப்பிகூடக் குடிச்சிக்கினு ஒக்காந்திருந்தாங்க. அப்பறம் அவங்கதான் இன்னா பண்ணுவாங்க? அந்த எடத்துக்குச் சீயமங்கலத்துப் பொண்ணு பேர எழுதி, கவர ஒட்டி, அரக்கு வெச்சிட்டுக் கெளம்பிட்டாங்க. போயி அஞ்சு நிமிஷம்கூட ஆவல."

கன்னியப்பன் சட்டைப் பையிலிருந்து நோட்டு அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினான். எதற்கு நீட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வாத்தியார் பிரித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, தேதிகூட மறக்காமல் போட்டிருந்தது. அவர் அதை மடித்து அட்டைக்குள் வைத்து மங்கையின் மடியில் வைத்தார். "ஆத்தாகிட்ட நான் வந்து பேசறேன்மா" என்று சொன்னார். தான் பேசி எதுவும் நடக்கப்போவதில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஜார் பக்கம் நடந்து போனார்.

அப்பனும் மகளும் மட்டும் இருந்தார்கள். கன்னியப்பன் படிக்கட்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான்.  

"மணியக்காரரு குடுக்க மாட்டேன்னு இழுத்தடிச்சாரா நைனா?" என்று மங்கை கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் நம்புவாள். விருத்தாம்பாள் நம்புவாள். சேரியே நம்பும், இதுவரைக்கும் இழுத்தடிக்காத மணியக்காரர் உண்டா என்று கேட்டு மண்ணை வாரித் தூற்றும். அந்த ஆமாம் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஊதி ஊதி மையைக் காயவைத்த அந்த முகம் நினைவுக்கு வந்து வார்த்தையைத் தடுத்துவிட்டது.

"இல்லம்மா. கேட்ட ஒடனே போட்டுக் குடுத்தாரு."

"அப்பறம் ஏன்?"

"மத்தியானமே எனக்கு எதுருலதான் வந்தாரு. ஆத்தங்கரையில. முத்திரைப் பெட்டியோடதான் வந்தாரு. வண்டி வருதேன்னு எறங்கி நின்னேன். தலைய குனிஞ்சிக்கினேன். யாரு போறாங்கன்னு பாக்கல."

மங்கை அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு கணக்கு எங்கே தப்பிப்போயிற்று என்று தேடுகிறவளைப் போலப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீ தலைய நிமித்திப் பாத்திருந்தா அவரு இன்னா பண்ணியிருப்பாரு?"

கன்னியப்பன் யோசித்தான். அவன் அதை இதுவரைக்கும் யோசித்ததே கிடையாது. பெரியப்பா மகனைக் கட்டிவைத்த மரத்தை நினைத்துப் பார்த்தான். இளநீரும் கையுமாகச் சாய்ந்திருந்த கோதண்டராமனை நினைத்துப் பார்த்தான். சற்று முன்னால் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி அவன் கடந்து வந்த தெருவையும், அந்தக் கோழியையும், புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவளையும் நினைத்துப் பார்த்தான். பெற்ற பெண்ணிடம் பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாரும்மா" என்றான்.

பகலெல்லாம் அந்தப் படிக்கட்டில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மங்கை அழவில்லை. ஜீப் கிளம்பியபோதும் அழவில்லை. அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.